நோலீன் கொடுத்த முட்டைகள்

நோலீன் கார்ட்ரெல் வளர்த்த கோழிகளின் முட்டையைத் தின்னாத வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. நான் பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு மற்றவர்களைவிட அடிக்கடி வரும். வேலிக்கு மேலே ஒரு கை நீளும், அதில் ஒரு கிண்ணம் இருக்கும், "லொரேன், சீக்கிரம் வாங்கிக்கோ, கை வலிக்குது" என்று குரல் வரும். அடுப்பை அணைத்துவிட்டு நான் போவதற்குள் அதே வார்த்தை அதட்டலாக இன்னொரு முறை வரும். பதிலுக்கு எதையாவது கொடுத்தால் வாங்கமாட்டாள். வேலியில் படர்ந்த சௌசௌக்கொடி எந்தப் பக்கம் காய்த்தாலும் அது என்னுடையது என்பது மட்டும்தான் அவள் எனக்கு விட்டுக்கொடுத்த உரிமை.

எங்கள் ஊரான மேரிபரோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். ஊரைச் சுற்றியிருக்கும் கரும்புத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவாள். பின் வரிசையில் அடித்துக்கொள்ளும் பையன்களைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். இன்றைக்கு ஊரில் மீசை நரைத்துத் திரியும் பல ஆண்கள் அவளைக் கண்டால் சட்டைப்பொத்தானைத் தடவிப்பார்த்துக்கொள்வதை நானே கவனித்திருக்கிறேன். புருஷன் கெல்வின் ரயில்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீன் பிடிப்பதும் கிரிக்கெட் பார்ப்பதும்தான் அவருடைய உலகம். பிள்ளைகள் இல்லை.

பேருந்தை விட்டபிறகு நோலீன் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் மரவீடுகள், உயரமான கட்டைக்கால்களின் மேல் நிற்பவை. வீட்டுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நடக்க இடம் இருக்கும். துணி காயப்போடுவதும் காரை நிறுத்துவதும் அங்கேதான். நோலீன் அந்த இடத்தில் ஒரு வேலைமேசையைப் போட்டாள். முதலில் செடி வைக்க ஒரு பெட்டி செய்தாள். கோணலாக வந்தது. இரண்டாவதும் கோணல். அப்புறம் கை பழகிவிட்டது. அவரைக்குப் பந்தல் சட்டம், பறவைக்கூடு, முக்காலி, தோட்டத்து பெஞ்சு என்று செய்துகொண்டே போனாள். செய்ததையெல்லாம் யாருக்காவது கொடுத்தாள்.

பலகையைக் கடையில் வாங்கமாட்டாள். "இப்போ விக்கிறது பலகையா அது, பிஸ்கட்டு" என்பாள். ஊரில் எங்கே பழைய வீட்டை இடித்தாலும் கெல்வினின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். இல்லாவிட்டால் குப்பைக்கிடங்கை ஒட்டிய பழைய சாமான் கடை. உலகப் போருக்கு முன்னால் கட்டிய வீடுகளின் சுவர்ப்பலகைகள், ஜன்னல் கதவுகள், வராந்தாக் கம்புகள் எல்லாம் வந்து சேரும். அவற்றின்மேல் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். மேலே வெள்ளை, அதற்குள் பச்சை, அதற்கும் கீழே பழுத்த மஞ்சள். மின்சாரத் தேய்ப்பு மெஷினை வைத்து அவள் அதைத் தேய்த்தெடுப்பாள். அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வெளிவரும்போது எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள். அது பார்க்க அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்கு அடியில் உத்தரங்கள், மேசை, தரை எல்லாம் மாவு தூவினாற்போல் இருக்கும். அவள் முடியும் அப்படித்தான். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வாள், வெயில் ஏறினால் அவிழ்த்துவிடுவாள்.

மதிய வெயிலில் கோழிகளும் அங்கே வரும். மேசைக்குக் கீழே மண்ணைக் கிளறிக் குழி பறித்து, அந்தத் தூளிலேயே புரண்டு, இறக்கையை உதறிக்கொண்டு கிடக்கும்.

இதெல்லாம் நாங்கள் தினம் பார்த்ததுதான். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

எதிர்வீட்டுக்கு கிர்ராவும் அவள் புருஷன் டேட்டும் வந்தபோது கிர்ராவுக்கு வயிறு தள்ளியிருந்தது. டேட்டுக்குச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மகன் நெட் பிறந்த பிறகு கைக்குழந்தையோடு அந்தப் பெண் தனியாகத் தவித்ததைப் பார்த்து நோலீன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டாள். துணி மடித்துக் கொடுத்தாள். புல் வெட்டினாள். கோரைப்புல்லைக் கிழங்கோடு பிடுங்கினாள். பையன் உட்கார ஆரம்பித்ததும் பழைய ஜன்னல் சட்டங்களை வைத்து மணல்தொட்டி ஒன்று செய்து போட்டாள். பல் முளைத்ததும் தினம் காலையில் அவனுக்கென்று ஒரு முட்டை போகும். அதை அரைவேக்காடாக அவித்து, ரொட்டியை விரல் விரலாக நறுக்கித் தொட்டுக் கொடுப்பாள் கிர்ரா. நெட் நோலீனைப் பார்த்தால் "கொக்" என்பான். அவனுக்கு அவளும் கோழியும் ஒன்று.

வெளியே எல்லாருக்கும் நல்லவளாக இருந்த நோலீன் வீட்டுக்குள் சிடுசிடுப்பாக மாறிக்கொண்டிருந்தாள். சில வருஷங்களாகவே அப்படித்தான். கெல்வின் குழாயைச் சரியாக மூடவில்லை என்று தேநீர்க் கெண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். தேவாலயப் பாடகர் குழுவில் வரிகள் மறந்துபோகின்றன என்று சண்டை போட்டுக்கொண்டு விலகினாள். என்னிடமே ஒரு தடவை, "அது பேர் என்ன, தண்ணி ஊத்துவோமே, நீளமா" என்று தோட்டத்துக் குழாயைக் காட்டிக் கேட்டுவிட்டு, நான் சிரித்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். வயிற்றுவலி என்பாள். தலைவலி என்பாள். டாக்டரிடம் போகச் சொன்னால் கடிப்பாள். கடைசியில் கெல்வின் தன் படுக்கையைப் பின்பக்க வராந்தா அறைக்கு மாற்றிக்கொண்டார். "வயசாயிடுச்சு, அவளுக்கு நான் அலுத்துப்போயிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். வேடிக்கையாகச் சொல்ல முயன்றார்.

அந்தக் கோடையில் ஒரு கோழி கால் மடங்கி விழுந்தது. டச்சஸ் என்று பெயர் வைத்திருந்தாள் அதற்கு. இறக்கை தொங்கிப்போய், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. அதைத் துணிக்கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். கோழியை டாக்டரிடம் கொண்டுபோகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காமல் விடுமா. கெல்வின்கூட, "நேரா அடுப்படிக்குக் கொண்டுபோயிருந்தா செலவு மிச்சம்" என்றார். டச்சஸ் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று விழுந்தது. இமோஜன் என்கிற அந்த இளம் மருத்துவர் இரண்டாவது கோழியின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்.

போன் வந்தபோது நான் நோலீனின் தோட்டத்தில்தான் இருந்தேன். கத்தரிச் செடிகளுக்குக் கீழே கரும்புச்சோகையைப் பரப்பிக்கொண்டிருந்தோம். அவள் கை முழுக்கச் சேறு. அதனால் போனை என்னை அழுத்தச் சொல்லி, சத்தமாக வைத்துப் பேசினாள்.

இமோஜன் முதலில் கேட்டது இதுதான்: "நோலீன், அந்த முட்டையை யாராவது சாப்பிடறாங்களா?"

"தெருவே சாப்பிடுது கண்ணு. உனக்கும் வேணுமா?"

இமோஜன் சிரிக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."

கோழியின் ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, கொஞ்சம் நஞ்சமில்லை என்றார் இமோஜன். வீடு எவ்வளவு பழையது, பெயிண்ட் உரிகிறதா, கோழிகள் எங்கே கிளறுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் கலப்பார்கள், அது காய்ந்து தூளானால் மண்ணில் சேரும், கோழி கொத்தினால் முட்டையில் வரும் என்றார்.  நோலீன் திரும்பி வீட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மேசைக்குக் கீழே நாலைந்து கோழிகள் குழிக்குள் சுகமாகக் கிடந்தன. ஒன்று இறக்கையை உதறியது. வெயில் விழுந்த இடத்தில் தூள் எழும்பி, மெதுவாக, மிக மெதுவாக, கீழே இறங்கியது. எத்தனையோ நாள் அந்த இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தூள் என் கண்ணில் பட்டது.

  நோலீன் கையிலிருந்த கரும்புச்சோகையைக் கீழே போட்டாள். "நெட்" என்றாள். அவ்வளவுதான். சேற்றுக் காலணியோடு, கைகழுவாமல், தெருவைக் குறுக்கே கடந்து போனாள். நான் பின்னால் ஓடினேன்.

கிர்ராவின் சமையலறையில் நெட் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கிண்ணம் கஸ்டர்ட். நோலீன் போன வேகத்தில் அந்தக் கிண்ணத்தை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். பையன் வீரிட்டான். கிர்ரா சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தாள் பாவம்.

"என்ன நோலீன், அவ்ளோ மோசமாவா சமைக்கிறேன்?"

"என் முட்டைதானே அது?"

"பின்ன வேற யாரு முட்டை?"

"அதுல விஷம் இருக்கு, கிர்ரா. காரீயம். கோழி டாக்டர் இப்பத்தான் சொன்னா. நான் தேய்ச்ச பெயிண்ட்டுல இருந்து வந்திருக்கு. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கு, ரத்தம் பாக்கச் சொல்லு. மணல்தொட்டியும் அதே மரம்தான்."

கிர்ராவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அது போவதற்கு வழி தெரியாமல் நின்றதுபோல் இருந்தது.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

"தெரியல."

"தெரியலன்னா? தினம் குடுத்தீங்களே. தினம்."

"ஆமா."

கிர்ரா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகு மெதுவாக, "என் வீட்ட விட்டு வெளிய போங்க" என்றாள். நோலீன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். 

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. கோழிகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்தாள். அப்புறம் தெருவின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். சொன்னது எல்லா இடத்திலும் ஒன்றேதான்: நான் கொடுத்த முட்டையைத் தூக்கிப் போடுங்கள், என் தோட்டத்துக் காய்கறியை வெளியே போடுங்கள், நான் செய்துகொடுத்த சாமானைக் குழந்தைகள் தொடவிடாதீர்கள், எல்லாரும் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள், தப்பு என்னுடையது. சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் வாய் திறந்தபடி நின்றாராம். அவர் வீட்டில் பேரன் பிறந்தநாளுக்கு அவள் முட்டையில்தான் கேக் செய்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் போன் போட்டாள்.

நெட்டின் ரத்தத்தில் இருக்கக்கூடாத அளவுக்குக் காரீயம் இருந்தது. மருந்து கொடுக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் அப்படியே விட்டால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்றார்கள். இது தெரிந்த அன்று பண்டபெர்க்கிலிருந்து கிர்ராவின் அம்மா காரில் வந்து இறங்கினாள். நேராக நோலீன் வீட்டு வாசலுக்கு வந்தாள். "என் பேரனுக்கு விஷம் வச்சிட்டு உள்ள உக்காந்து டீ குடிக்கிறியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. நோலீன் படியிறங்கி வந்து அவளுக்கு முன்னால் நின்றாள். அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.  கடைசியில் அந்த அம்மாளே பேச்சு தீர்ந்துபோய், காரில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் நான் கண்ட காட்சியை மறக்க முடியாது. நோலீனின் வேலியோரம் முழுக்கச் சாமான்கள். இரவோடு இரவாக யார் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செடிப்பெட்டிகள், மண்ணோடும் செடியோடும். முக்காலிகள். பறவைக்கூடுகள். ஒரு பொம்மைத் தொட்டில். அவள் முதன்முதலில் செய்த கோணல் பெட்டிகூட இருந்தது. அதை யார் இத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று எனக்கே தெரியாது. நோலீன் வராந்தாவில் நின்று அதையெல்லாம் பார்த்தாள்.  அவள் சொன்னது, "நல்லது. தேடிப்போக வேண்டியதில்ல."

எங்கள் எல்லாருக்கும் சோதனை முடிந்தது. எனக்குச் சற்று அதிகம், கவலைப்படும்படி இல்லை. கெல்வினுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அந்த மனுஷருக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டை வாசம் ஆகாது. அதற்காக அவரைக் கேலி செய்யாத ஆள் தெருவில் இல்லை. நோலீன் மட்டும் போகவில்லை. முதலில் குழந்தைகளுக்கு முடியட்டும், எனக்கென்ன அவசரம் என்றாள். கெல்வின் வாழ்க்கையில் முதல்முறையாக அவளை அதட்டி, காரில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுத்த டாக்டரே போன் செய்தார். சோதனையில் ஏதோ பிழை இருக்கிறது, திரும்ப ரத்தம் எடுக்கவேண்டும் என்றார். திரும்ப எடுத்தார்கள். பிழை இல்லை. இந்த அளவு காரீயத்தோடு இவள் நடமாடிக்கொண்டிருக்கிறாள், மரம் அறுக்கிறாள் என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. முட்டையில் வந்தது கொஞ்சம்தான். இத்தனை வருஷமாக அந்தத் தூளை அவள் மூச்சிலேயே இழுத்திருக்கிறாள். அன்றே பிரிஸ்பேன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நடந்ததை கெல்வின் பிறகு எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். டாக்டர் அவளிடம் வரிசையாகக் கேட்டிருக்கிறார். வயிறு வலிக்குமா? மணிக்கட்டில் பலம் இல்லையா? பேர்கள் மறந்துபோகுமா? காரணமில்லாமல் கோபம் வருமா? எத்தனை வருஷமாக?  பதில் சொன்னதெல்லாம் கெல்வின். ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

"அவளுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன் லொரேன்" என்றார். "படுக்கையத் தூக்கிட்டுப் போனேனே. அவ்ளோ வருஷம். அவளுக்குள்ள பெயிண்ட்டு இருந்திருக்கு. வெறும் பெயிண்ட்டு."

 நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். 

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கையில் காரீயத்தை அளக்கும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதை மண்ணிலும் சுவரிலும் வைத்துப் பார்த்தார்கள். நோலீனின் வீட்டுக்கு அடியில் அது காட்டிய அளவைப் பார்த்து ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்தது. கிர்ராவின் வீட்டில் நெட்டின் தொட்டில் கிடந்த அறை ஜன்னல் திட்டில் அந்தக் கருவியை வைத்தார்கள். அங்கேயும் அதே கதை. திட்டு முழுக்க, தரைப்பலகை இடுக்கு முழுக்கக் காரீயத் தூள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் அறை அழகாக இருக்கட்டும் என்று டேட் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தான். சுரங்கத்திலிருந்து வந்த ஒரு வார விடுப்பு முழுவதையும் அதற்குத்தான் செலவழித்தான். நெட் எழுந்து நிற்கப் பழகியது அந்தத் திட்டைப் பிடித்துத்தான். பல் முளைக்கும்போது அதைக் கடித்துக்கொண்டும் இருப்பான்.

கிர்ரா தன் வாசல்படியில் உட்கார்ந்திருந்ததை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தை மடியில். பக்கத்தில் டேட் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இந்தச் செய்தியை நோலீனிடம் சொன்னால் அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று எனக்கு ஆசை. அடுத்த ரயிலைப் பிடித்துப் பிரிஸ்பேனுக்குப் போய்ச் சொன்னேன். காரீயத்தை வெளியேற்றும் மருந்து அவள் கையில் ஊசி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

"அப்போ அந்தப் புள்ளைக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்திருக்கு" என்றாள். "இந்தப் பக்கமாவது வராம இருந்திருக்கலாம்."

வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து அவள் தோட்டத்து மேல்மண்ணை வழித்து எடுத்தார்கள். கைவைக்காத சட்டையும் செருப்புமாக அவள் களைபிடுங்கிய இடம் அது. கத்தரியும் கீரையும் அவரைக்கொடியும் தடித்த பிளாஸ்டிக் பைகளுக்குள் போயின. திரும்ப வந்த சாமான்கள் அனைத்தும் லாரியில் ஏறின. கெல்வின் மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பு மெஷினை அவரே தூக்கி லாரியில் போட்டார்.

மிச்சமிருந்த கோழிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வளர்க்கலாம், முட்டையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றார் இமோஜன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோலீன் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு இமோஜனை வரச்சொன்னாள். என்றைக்காவது ஒருநாள் விவரம் தெரியாத யாரோ ஒருவர் எடுத்துத் தின்றுவிடுவார்கள், அந்தப் பயத்தோடு என்னால் தூங்க முடியாது என்றாள். ஒவ்வொரு கோழியையும் அவளே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள், இமோஜன் ஊசி போட்டு அது அடங்கும்வரை. கெல்வின் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் கோழி வளர்க்கவில்லை.

அவளுடைய நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வராந்தா அறையிலிருந்து படுக்கை பழைய இடத்துக்குப் போனது. மணிக்கட்டு மட்டும் சரியாகவில்லை. உளியைப் பிடித்தால் சிறிது நேரத்தில் நழுவிவிடும். மரவேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கடையில் புதுப்பலகை வாங்கினாள், அந்த பிஸ்கட்டைத்தான். வீட்டுக்கு முன்புறம் திறந்த வெளியில் மேசை போட்டு, கெல்வினை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, வெளியிலிருந்து வாங்கிய மண்ணுக்குப் பெட்டிகள் செய்தாள். "நேராப் பிடி, தூண்டில் கம்பா அது?" என்று அவரைத் திட்டுவது என் வீட்டுக்குக் கேட்கும். "மீனாவது வாயை மூடிட்டு வரும்" என்பார் அவர். அந்தப் பெட்டிகளில் விளைவதை அவளும் கெல்வினும்தான் தின்கிறார்கள். நான் கேட்டும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலைகளில் அவள் ஊரிலிருக்கும் பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போக ஆரம்பித்தாள். வாசலில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்கும் வரிசையைத் தாண்டி உள்ளே போய், பெயிண்ட் அடுக்கியிருக்கும் பக்கமாக நின்றுகொள்வாள். உப்புத்தாள் எடுக்கும் ஆட்களின் தள்ளுவண்டியைப் பிடித்து, "வீடு எந்தக் காலத்துது கண்ணு?" என்று கேட்பாள். சிலர் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். கடை மேலாளர் இரண்டு தடவை வெளியே போகச் சொன்னார். அவள் அவருடைய வீடு எந்தக் காலத்துது என்று கேட்டாள். மூன்றாவது தடவை அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் வீட்டிலும் சோதனை செய்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நெட்டின் ரத்தத்தில் அளவு மெல்ல மெல்ல இறங்கியது. ஒவ்வொரு சோதனைக்கும் அவர்கள் போய்வருவதை நோலீன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். தகவல் என் மூலமாகத்தான் போகும். கிர்ரா அவளோடு பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலைகுனிந்து போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு டேட்டுக்கு கிளாட்ஸ்டனில் தினம் வீடு திரும்பும் வேலையாகக் கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்பினார்கள்.

சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கிர்ரா நெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். நோலீன் அப்போது என்னோடு வேலியருகே நின்றிருந்தாள். அவர்களைக் கண்டதும் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

 நோலீன்தான் முதலில் கேட்டாள்.

"பேசறானா?"

"வாயே மூடறதில்ல." கிர்ரா மகனைப் பார்த்தாள். "எண்ணச் சொன்னா ஏழுக்கப்புறம் எட்டை விட்டுட்டு ஒம்போதுக்குப் போயிடறான். அது அதனாலயா, சும்மா அந்த வயசுக்கு அப்படியான்னு டாக்டராலயும் சொல்ல முடியல. ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் தெரியுமாம்."

நோலீன் தலையாட்டினாள்.

"கோவப்பட எனக்கு நீங்க கிடைச்சீங்க" என்றாள் கிர்ரா. "டேட் மேல கோவப்பட்டா வீடு என்னாகும்? அதான் எல்லாத்தையும் உங்க மேலயே வச்சுக்கிட்டேன். அதுல பாதி உங்களுது இல்ல."

"மிச்சப் பாதி என்னுதுதான கண்ணு. அப்படியே இருக்கட்டும். அவன் மேல வைக்காத."

 கிர்ரா நோலீனின் தோளில் ஒரு கணம் கை வைத்தாள், எடுத்தாள். நெட் வேலியில் தொங்கிய சௌசௌ ஒன்றைப் பறிக்கப் பார்த்தான். நோலீன் திடுக்கிட்டு, "வேணாம், அது—" என்று கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவனைத் தொடாமலே நின்றாள். கிர்ரா அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கார் தெருமுனை திரும்பிய பிறகு நோலீன் புல்வெட்டும் மெஷினை வெளியே இழுத்தாள். தன் வாசல் புல்லை வெட்டினாள். அப்புறம் எதிர்ப்பக்கம் போய், ஆளில்லாத அந்த வீட்டு வாசலிலும் வெட்ட ஆரம்பித்தாள். மணிக்கட்டு தாங்காமல் மூன்று தடவை மெஷின் நின்றது. கெல்வின் போய் வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.